எல்லாம் இருக்கிறது, மனசு மட்டும் நிறையவில்லை

கேள்வி: நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது 41. கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஜாதகம் சேரவில்லை என்று ஒருமுறை தள்ளிப்போய், ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து முடிந்த கல்யாணம் எங்களுடையது. நல்ல மனிதர்தான். மகன் பத்தாம் வகுப்பு, மகள் நாலாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். பெரிய கடன் இல்லை, யாருக்கும் பெரிய நோய் இல்லை. ஆனாலும் காலை நாலே முக்காலுக்கு எழுந்ததிலிருந்து ராத்திரி பாத்திரம் கவிழ்க்கும் வரை ஒரு எரிச்சல் கூடவே வருகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து, தினமும் படுக்கும் முன் நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் ‘பிள்ளைகள், வீடு, உடம்பு’ என்று எழுதியதையே எழுதினேன். விட்டுவிட்டேன். நாத்தனார் “உனக்கென்ன குறை, இருக்கறதை நினைச்சு நன்றியோட இரு” என்கிறார். மாமியார் “நாங்க விறகடுப்புல பத்துப் பேருக்குப் பொங்கினோம்” என்கிறார். கேட்கும்போது என் மேலேயே வெறுப்பு வருகிறது. என் அம்மா வீடு லால்குடி பக்கம். அங்கே ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வாசனை இருந்தது. இந்த நாலாவது மாடி ஃபிளாட்டில் எல்லா மாதமும் ஒன்றுதான். நான் நன்றி கெட்டவளா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். இப்போது நீங்களும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். குடும்ப ஆலோசகராக இந்தக் கேள்வியைப் பல பேரிடமிருந்து கேட்டிருக்கிறேன். அதிகமும் உங்கள் வயதுப் பெண்கள்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டு. அது வற்றிப்போனதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்தப் பழக்கம் பரவக் காரணமான ஆய்வை அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்டார்கள். அதன் முதல் பகுதியில் கல்லூரி மாணவர்கள் வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம் எழுதினார்கள். எரிச்சல்களைப் பட்டியல் போட்டவர்களைவிட, நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள். பிறகு சோன்யா லூபோமிர்ஸ்கி என்பவரின் குழு, எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதினால் நல்லது என்று பார்த்தது. வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று தடவை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் அதுவும் ஒரு வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. நாள் முழுக்க மற்றவர்களின் வீட்டுப்பாடத்தைத் திருத்திவிட்டு வரும் உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு இன்னொன்று வேண்டாம்.

அப்புறம், ‘பிள்ளைகள்’ என்பது வெறும் தலைப்பு. தலைப்பைப் பார்த்து மனசு நெகிழாது. மகள் வேனிலிருந்து இறங்கியதும், பாதி தின்ற கடலை மிட்டாயை “உனக்குத்தான் வெச்சிருந்தேன்” என்று நீட்டினாள் என்றால், அதற்கு நெகிழும். எழுதுவதானால் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மதியம், நடந்த ஒரே ஒரு விஷயத்தை நாலு வரியில் எழுதுங்கள். யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், அதனால் உங்களுக்கு என்ன இலகுவானது என்று எழுதினால் போதும். எதுவும் தோன்றாத வாரம் எழுத வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி அம்மா வீட்டைப் பற்றியது. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

மாறாமல் இருப்பதை மனசு கவனிப்பதை நிறுத்திவிடும். அதன் இயல்பே அது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை தண்ணீரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மோட்டார் எரிந்துபோன அன்றைக்குத்தான் நினைக்கிறோம். இதை உங்கள் கணவர் தினமும் கடையில் பார்ப்பார். வீடும் உடம்பும் வீட்டு மனிதர்களும் தினமும் இருப்பதாலேயே கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். வந்து, கொஞ்ச காலம் இருந்து, போய்விடும் பொருளுக்கு இந்தக் கதி நேர்வதில்லை. ஜோர்டி குவாட்பக், எலிசபெத் டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சிலரை ஒரு வாரம் சாக்லேட் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்கள். இன்னும் சிலரிடம் நிறையக் கொடுத்து முடிந்த அளவு சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தபோது, விட்டிருந்தவர்கள்தான் அதை அதிகம் ரசித்தார்கள். புரட்டாசி முழுக்க அசைவம் தொடாத வீடுகளில், அது முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு என்ன பாடுபடும் என்று நமக்கு யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

லால்குடியில் உங்கள் அம்மா வீட்டில் நடந்ததும் இதுதான். மார்கழியில் கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் செருகிய பரங்கிப்பூ, தையில் புது அரிசியும் மஞ்சள் கொத்தும் அறுவடை முடிந்த வைக்கோல் வாசனையும், மாசி பங்குனியில் உப்பு நீரில் சுருங்கிக் கிடக்கும் மாவடு, உதிர்ந்த வேப்பம்பூவைக் கூட்டி அள்ளி முறத்தில் காயவைப்பது, சித்திரை வெயிலில் வடாம் பிழிந்துவிட்டுக் காக்கா விரட்டப் பிள்ளைகளைக் காவல் வைப்பது, ஆடியில் வாய்க்காலில் நுரையோடு வரும் புதுத் தண்ணீர், ஐப்பசி அடைமழையில் காயாத துணியின் ஈர வாடை, கார்த்திகையில் அகலும் பொரி உருண்டையும். இதில் ஒன்றாவது வருஷம் முழுக்க இருந்திருந்தால் உங்களுக்கு இன்று ஞாபகம் இருந்திருக்காது. அது வந்தபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தீர்கள். நன்றி உணர்வுக்கு முதலில் நடக்க வேண்டியது அந்த நிமிர்ந்து பார்ப்பதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

சரி, நாலாவது மாடியில் எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் ஊரில் பருவம் இன்னும் போய்விடவில்லை. நீங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் குறுக்கிடுகிறது என்றால், அதில் தண்ணீர் ஓடுகிறதா வறண்டு கிடக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அது திறந்ததா, தண்ணீர் முக்கொம்பு வந்து சேர்ந்ததா என்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு பேச்சு இருக்கட்டும். காந்தி மார்க்கெட்டில் எந்த வாரம் என்ன புதிதாக வந்தது என்று பார்த்துவரும் வேலையை மகளிடம் விடுங்கள். நுங்கு, மாவடு, பனங்கிழங்கு, பச்சை மொச்சை என்று அந்தந்தப் பருவத்துக்கே உரியவற்றில் மாதம் ஒன்று போதும். முடிந்தால் ஒரு வேலை செய்யுங்கள்: எல்லாக் காலத்திலும் பாக்கெட்டில் கிடைக்கும் ஒரு பொருளை அதன் பருவத்துக்கு என்று ஒதுக்கிவையுங்கள். மாம்பழ ஜூஸ் டப்பாவை நிறுத்திவிட்டு, மாம்பழம் வரும்போது மட்டும் மாம்பழம். பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள், அடுத்த சித்திரையில் காத்திருப்பார்கள்.

மனிதர்களுக்கும் பருவம் உண்டு. நாலாம் வகுப்பு மகள் இன்னும் உங்களிடம் தலை பின்னிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். காலை ஏழு மணி அவசரத்தில் அது உங்களுக்கு ஒரு வேலை. இன்னும் சில வருஷத்தில் அவளே பின்னிக்கொள்வாள், கண்ணாடி முன்னால் உங்களை நிற்கவும் விடமாட்டாள். பையன் பத்தாம் வகுப்பு முடித்து, பன்னிரண்டும் முடித்து, ஹாஸ்டல் போகலாம். இதைச் சோகமாக நினைத்து உருகச் சொல்லவில்லை. இது தையோ மாசியோ போல ஒரு மாதம், அடுத்த மாதம் வேறு என்று தெரிந்து அந்த ரிப்பனைக் கட்டுங்கள் என்கிறேன்.

கணவர் விஷயத்தில் உங்களிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2008-இல் மின்கியுங் கூ என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளில் சிலரைத் தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதச் சொன்னார்கள், வேறு சிலரை, சந்திக்காமலேயே போயிருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டம்தான் தங்கள் உறவில் அதிக நிறைவைச் சொன்னது. கிடைத்ததை எண்ணுவதைவிட, கிடைக்காமல் போயிருக்கலாம் என்று நினைப்பது பழக்கத்தின் திரையை விலக்குகிறது. உங்கள் கல்யாணம் ஒரு வருஷம் நின்றுபோனது. அந்த வருஷத்தில் உங்களுக்கு வேறு வரன் முடிந்திருக்கலாம். அவருக்கும் முடிந்திருக்கலாம். யார் திரும்பப் பேச்சை எடுத்தது, யார் போன் செய்தது, அன்று அந்தப் போனை எடுக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை நோட்டில் எழுத வேண்டாம். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளுக்கும் இந்தக் கதை முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இனி சொல்லப்போவதை உங்கள் வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் நாட்காட்டியில் நன்றிக்கென்று நாட்கள் இருக்கின்றன. பொங்கலில் சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, ஆடிப் பதினெட்டில் ஆற்றுக்கு, ஆயுத பூஜையில் கருவிகளுக்கு. உங்கள் கணவர் கடையில் காயில் சுற்றும் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டியிருப்பார். எனக்கு இந்த வழக்கங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. உழைப்பவற்றைக் கண்ணால் பார்த்து, தொட்டு, நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தவை அவை. ஆனால் அந்த நாட்களில் எல்லாம் வீட்டுப் பெண்ணுக்கு வேலை இரண்டு மடங்கு. மெஷினுக்குக்கூட அன்று ஓய்வு, சுண்டல் தாளிப்பவளுக்கு இல்லை.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். ஈடுபட்டவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். நீங்கள் இதற்கு மேல் பள்ளிக்கும் போய் வருகிறீர்கள். நாலே முக்காலுக்குத் தொடங்கும் எரிச்சலுக்கு நன்றி நோட்டு மருந்தாகாது. “இருப்பதை நினைத்து நன்றியோடு இரு” என்பதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அதில் பலம் உண்டு. ஓடிக்கொண்டிருப்பவளைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் சொல்லும்போது, வாயை மூடு என்றுதான் அது காதில் விழும். உங்களுக்கு வந்த வெறுப்பு உங்கள் மேல் வர வேண்டியதே இல்லை.

எனவே வேலையைப் பிரித்துக்கொடுங்கள். பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்று விலக்கு கொடுக்க வேண்டாம். இரண்டு பேர் சீருடைக்கும் அயர்ன் போடவும், தண்ணீர் பாட்டில் நிரப்பவும், தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவவும் அவனால் முடியும். அதனால் அவன் மதிப்பெண் குறையாது. ராத்திரிப் பாத்திரம் கணவருடையது. கடையிலிருந்து லேட்டாக வருகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலை டிபன் முழுக்க அவருடையது, மாவு அரைப்பதிலிருந்து. உப்புமாவாகவே இருக்கட்டும், ரவை எங்கே இருக்கிறது என்று அவரே தேடட்டும். இதைக் கோபம் வந்த ராத்திரியில் பேசாதீர்கள். ஒரு சாயங்காலம், “எனக்கு முடியல. இந்த மூணு வேலை எனக்கு வேண்டாம், யார் எதை எடுத்துக்கறீங்க?” என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்று கேட்டால் ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிடுவார்கள். வேலை கைமாறியாக வேண்டும்.

வேலை கொஞ்சம் கைமாறிய பிறகு, வாயால் சொல்லும் பழக்கம் வீட்டுக்குள் வரட்டும். கணவரிடம் போய் ‘நன்றி’ என்று சொன்னால் அவர் பயந்துவிடுவார், எனக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னாலே போதும். “நேத்து ராத்திரி சிலிண்டர் மாத்திட்டுப் படுத்தீங்க, காலைல எனக்கு ஒரு ஓட்டம் மிச்சம்.” சாரா அல்கோ என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் சேர்ந்து வாழும் தம்பதிகளைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் செய்த சின்ன உதவிக்கு மற்றவர் நன்றியுணர்வு கொண்ட நாளுக்கு மறுநாள், இருவருமே உறவில் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும் என்ற பயமும் பெரும்பாலும் மிகைதான். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் செய்த ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவும், மகிழ்ச்சியாக இருக்கும் என்று குறைவாகவும் கணித்திருந்தார்கள். உங்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதலில் உங்களைப் பார்த்துக் கற்பார்கள், அப்புறம் உங்களிடமே சொல்வார்கள். அதுவரை காத்திருக்காமல், “இன்னிக்கு ரசம் எப்படி இருந்தது?” என்று நேராகவே கேட்கலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மாமியாரைப் பற்றி. “விறகடுப்பில் பத்துப் பேருக்குப் பொங்கினோம்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதை உங்களைக் குத்துவதாக எடுத்துக்கொள்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு அதில் வேறொன்றும் கேட்கிறது. அத்தனை வருஷம் புகையில் கண் எரிய நின்றதை அன்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை அவர் சொன்னதும் எழுந்து போகாமல், “பத்துப் பேர் யார் யார் அத்தை? விறகு யார் கொண்டு வருவா? மழைக்காலத்துல எப்படி எரியும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் எதுவும் மாறாது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர் சொல்வதையும் கேட்பார்கள் என்பது என் அனுபவம். தவிர, எந்த மாதம் எதை உலர்த்தி எதில் போட்டு வைப்பது என்று அந்த வீட்டில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உங்கள் ஃபிளாட்டுக்கு மொட்டைமாடி இருக்கும். அடுத்த சித்திரையில் வடாம் அவர் பொறுப்பு, காவல் பேத்தி பொறுப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விடுமுறையிலும் களைப்பு தீரவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தினமும் அழுகை வருகிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதில் இந்த இரண்டும் எரிச்சலாகவும் சோர்வாகவும் வெளிப்படுவது சாதாரணம். அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆடிப் பதினெட்டு வரப்போகிறது. இந்த வருஷம் அம்மா மண்டபம் படித்துறைக்குக் குடும்பமாகப் போங்கள். பள்ளி நாளாக இருந்தால் சாயங்காலம் போங்கள், காலைக் கூட்டத்தைவிட அதுவே நல்லது. கலந்த சாதம் நீங்கள் ஒருவரே கிளற வேண்டாம். புளிக்காய்ச்சல் மாமியார் முந்தின நாளே செய்து வைக்கட்டும், எலுமிச்சம்பழம் பிழிவதும் தேங்காய் துருவுவதும் பையன் வேலை, தயிர் சாதத்தை உங்கள் கணவர் பிசையட்டும், சாதம் வடிப்பது மட்டும் உங்களுடையது. கடையை அன்று ஆறு மணிக்குச் சாத்தச் சொல்லி இப்போதே சொல்லிவையுங்கள்.